பிரேக் இல்லாத மூணு வருஷம்

கமாலுதீனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதல்லயே சொல்லிடணும். பெல்ட் பிஞ்சு, மைன்ஸ் மொத்தமும் நின்னு போயி, ஆபீசருங்க எல்லாம் கையைப் பிசைஞ்சுக்கினு நிக்கிறப்ப, சாமான் பையைத் தோள்ல மாட்டிக்கினு ஒரு நடை நடந்து வருவான் பாருங்க, கல்யாண மாப்பிள்ளை தோத்தான். "தள்ளுங்க தள்ளுங்க, டாக்டர் வந்தாச்சு"ம்பான். யாருக்கும் கோவம் வராது. அவன் கை வெச்ச ஜாயிண்ட் பிரிஞ்சதா அந்தச் சுரங்கத்துல ஒருத்தர் சொல்லிட முடியாது.

அந்த பெல்ட்டைப் பாக்காதவங்களுக்காக ஒரு வார்த்தை. நெய்வேலியில மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் பெரிய மிஷின் வெட்டிப் போடும். அதை வாங்கிக்கினு போறது லாரி இல்ல, ரப்பர் பெல்ட். ஒரு ஆள் குறுக்கால படுத்துக்கலாம், அவ்வளவு அகலம். மைல் கணக்குல ஓடும். அது எங்கனா ஒரு எடத்துல அந்துச்சுன்னா முன்னாடி மிஷின் நிக்கும், பின்னாடி கரண்ட் எடுக்குற எடத்துல கரி இல்லாம நிக்கும். அந்த ரெண்டு முனையையும் படி படியா சீவி, சுரண்டி, சொல்யூஷன் தடவி, ஒண்ணு மேல ஒண்ணைப் படிய வெச்சு, சூட்டுத் தகட்டுக்கு நடுவுல வெச்சு அழுத்தி வேக வெக்கணும். சொல்யூஷன் காயற பதம்தான் சூட்சுமமே. புறங்கையை வெச்சா ஒட்டணும், எடுத்தா கையோட வரக்கூடாது. உள்ள ஒரு குமிழி நின்னு போச்சுன்னா அடுத்த ஷிஃப்ட்லயே வாயைப் பொளந்துக்கும்.

இதை அவன் காலேஜ்ல படிக்கல. மேல்பட்டாம்பாக்கத்துல சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தவனை, ரப்பர் பழகுன ஆளாச்சேன்னு கருணாகரன்னு ஒரு கான்ட்ராக்டர் கூட்டிக்கினு வந்தான். வந்த புதுசுல பெல்ட்டைப் பிடிச்சு இழுக்குற வேலை. பாத்துப் பாத்துக் கத்துக்கினான். அப்புறம் உள்ளாற இரும்புக் கம்பி ஓடுற புது ரக பெல்ட் வந்துச்சு. அதை ஒட்டச் சொல்லிக் குடுக்க வெளிநாட்டுலேந்து ஒரு வெள்ளைக்காரரை பிளேன் செலவு குடுத்து வரவழைச்சாங்க. பர்மனென்ட் ஆளுங்களையும்தான் அனுப்புனாங்க. அவங்க எல்லாம் ரிடயர் ஆகற வயசு. சூடு தாங்காம ஒவ்வொருத்தரா லைட் டூட்டி வாங்கிக்கினு ஒதுங்கிட்டாங்க. கடைசி வரைக்கும் அந்த வெள்ளைக்காரர் பக்கத்துல நின்னவன் இவன் ஒருத்தன்தான்.

வெள்ளைக்காரர் ஊருக்குக் கெளம்புன அன்னைக்கு, செக்ஷன் இன்ஜினீயர் பன்னீர்செல்வம் இவன் முதுகுல தட்டினாரு. அவர் மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன்னு பேர் எடுத்தவர். "பாய், இந்த நாடு உன் மேல செலவு பண்ணியிருக்குய்யா. இனிமே இந்தப் புது பெல்ட்டுக்கு நீதான் எங்க சொத்து"ன்னாரு. கமாலுதீன் அன்னைக்கு வூட்டுக்கு வந்து பொண்டாட்டி சைபுன்னிசாகிட்ட அதை எத்தனை தடவை சொன்னான்னு கணக்கு இல்ல. "சொத்தாம்ல, சொத்து. வெளிய போட்டு வெக்காதீங்க, எவனாச்சும் தூக்கிக்கினு போயிடுவான்"னு அவ கிண்டல் பண்ணா.

சரி, இப்ப பிரேக் விஷயத்துக்கு வர்றேன். பிரேக்னா டீ குடிக்கிற பிரேக் இல்ல. கான்ட்ராக்ட்ல ஒரு ஆள் சேந்தாப்புல எட்டு மாசம் வேலை பாத்துட்டான்னா பர்மனென்ட் கேக்க ஒரு வழி பொறந்துடுமாம். அதனால கருணாகரன் ஏழு மாசம் முடியறப்பவே ஆளை வூட்டுக்கு அனுப்பிடுவான். ஒரு மாசம் கழிச்சு மறுபடி புது ஆளாட்டம் சேத்துக்குவான். எத்தனை வருஷம் வேலை பாத்தாலும் எல்லாரும் எப்பவும் புது ஆளுங்கதான். காடாம்புலியூர்லேந்து வர்ற மருதமுத்து, கமாலுதீனோட ஜோடியா பெல்ட் சீவுறவன், அந்த ஒரு மாசத்துல முந்திரி பொறுக்கப் போயிடுவான்.

ஆனா கமாலுதீனை அனுப்ப முடியாதே. இவன் போன மறுநாளே பெல்ட் அந்துச்சுன்னா யாரு ஒட்டறது? அதுக்குக் கருணாகரன் ஒரு வழி கண்டுபிடிச்சான். ஆளை அனுப்பாத, பேரை அனுப்பிடு. கமாலுதீன்ங்கிற பேரு பிரேக்ல போச்சு. ஆளு ‘வேணு’ன்னு ஒரு பேர்ல உள்ள வந்தான். வேணு யாரு? கருணாகரனோட கார் டிரைவர். அப்புறம் வேணுவும் பிரேக்ல போனான், இவன் தெய்வசிகாமணி ஆனான். தெய்வசிகாமணி கருணாகரனோட பொண்டாட்டிக்குத் தம்பி, மந்தாரக்குப்பத்துல மைக் செட் வாடகைக்கு விடுறவன். ஆக, வேலை தெரியாதவன் எல்லாம் தன் பேர்லயே போயி தன் பேர்லயே வந்தான். வேலை தெரிஞ்ச குத்தத்துக்கு இவனுக்குப் பேர் போச்சு. இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்றது?

அப்ப யாருக்கும் அது அநியாயமாத் தெரியலைங்கிறதுதான் வயித்தெரிச்சல். எல்லாருக்கும் அது ஒரு தமாஷு. "தெய்வசிகாமணி, டீ சாப்புடறீங்களா, இல்ல நோன்பா?"ன்னு மருதமுத்து கேப்பான். சைபுன்னிசாவும் சாயங்காலம் கதவைத் தொறக்குறப்ப, "வர்றது யாரு, ஐயாவா பாயா?"ம்பா. அதுலயும் தெய்வசிகாமணி பேருக்கு ஒரு விசேஷம். வருஷம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு, அந்தப் பேருக்கு பிரேக்கே வரல. கமாலுதீன் பூரிச்சுப் போனான். "பாத்தியா, என்னைத் தொட மாட்டேங்கிறான். என் அருமை அவனுக்குத் தெரியுது"ன்னான். அவளும் சந்தோஷப்பட்டா. மாசம் தவறாம சம்பளம் வந்துச்சு. மூணு வருஷம் அப்படியே ஓடுச்சு.

எண்பத்தொண்ணாம் வருஷம் சித்திரையில ஆர்டர் வந்துச்சு. பெல்ட் ஒட்டற வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆளுங்கள்லேந்தே பர்மனென்ட் எடுக்கப் போறாங்க. மூணு வருஷம் விடாம வேலை பாத்திருக்கணும், செஞ்சு காட்டற டெஸ்ட்டுல தேறணும். அவ்வளவுதான். படிப்பு கேக்கல, சிபாரிசு கேக்கல. இவனுக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை அது.

சைபுன்னிசா அன்னைக்கே குவார்ட்டர்ஸ்ல குடியேறிட்டா, மனசால. மந்தாரக்குப்பம் வாடகை வூட்டுல தண்ணிக்கு அவ படுற பாடு அவளுக்குத்தான் தெரியும். "குவார்ட்டர்ஸ் பிளாக்ல கொழாயைத் திருவுனா தண்ணி கொட்டுமாமே. பின்னாடி எடம் இருந்தா ஒரு முருங்கை வெக்கலாம். ஆஸ்பத்திரி சும்மா, இஸ்கூலு பக்கத்துலயே"ன்னு அடுக்கிக்கினே போனா. சவுதியில சிமெண்ட் ஃபேக்டரியில இருக்குற அவ அண்ணன் சுல்தான், மச்சானை அங்க வரச் சொல்லி எத்தனையோ தடவை கூப்புட்டிருக்கான். "இனிமே அவனைக் கூப்புட வேணாம்னு சொல்லிடு. இங்க பெல்ட் என்னை விடாது"ன்னு கமாலுதீன் சிரிச்சான்.

மறுநாள் டைம் ஆபீஸ்ல பேர் படிச்சாங்க. மருதமுத்துதான் முன்னாடி நின்னு கேட்டுக்கினு வந்தான். அவன் மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. "நம்ம கேங்குல மூணு வருஷம் விடாம பாத்தது ஒரே ஆளுதானாம். தெய்வசிகாமணி."

"அட, அது நாந்தானய்யா"ன்னு கமாலுதீன் சிரிச்சான். மருதமுத்து சிரிக்கல. இவன் சிரிப்பு பாதியில நின்னுச்சு.

நேரா கருணாகரன் ஷெட்டுக்குப் போனான். கருணாகரன் இவனை எதிர்பாத்துக்கினே உக்காந்திருந்தவனாட்டம், நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த மூணு வருஷத்துல இவனை ஒரு நாளும் அவன் உக்காரச் சொன்னது இல்ல.

"டெஸ்ட்டு ஒரு நாள் சமாச்சாரம்ப்பா. தெய்வசிகாமணின்னு போ, செஞ்சு காட்டிட்டு வந்துடு. ஆர்டரை அவன் வாங்கிக்குவான். உன்னை நான் கைவிட மாட்டேன், மேஸ்திரி ஆக்கிடறேன். இனிமே காலம் பூரா உனக்கு பிரேக் கெடையாது."

"அவருக்கு பெல்ட்டை எந்தப் பக்கம் சீவறதுன்னு தெரியுங்களா?"

"கத்துக்குறான். நீயே சொல்லிக் குடேன். உள்ள போயிட்டான்னா அப்புறம் யாரு கேக்கப் போறா?"

"வேலை பாத்தது என் கைங்க."

"பேரு எம் மச்சானுதுப்பா. மூணு வருஷம் உனக்குப் பேரைக் குடுத்திருக்கான். அவன் குடுக்கலைன்னா நீ ஊருல பஞ்சர் ஒட்டிக்கினு இருந்திருப்ப. வேலை கத்துக்கிட்டதும் என் கான்ட்ராக்ட்லதான? அந்த நெனப்பு வேணாமா?"

கேட்டீங்களா நியாயத்தை? பொழைப்பைப் புடுங்குனவன் உபகாரம் பண்ணேங்கிறான். நன்றி வேற கேக்கறான். கமாலுதீன், அந்த நீள வாய்க்காரன், எந்திரிச்சு வெளிய வந்துட்டான். சரின்னு ஒத்துக்கினுதான் போறான்னு கருணாகரன் எடுத்துக்கினான்.

வூட்டுல வந்து சொன்னதும் சைபுன்னிசா கையில இருந்த சொம்பை நங்குன்னு வெச்சா.

"பிரேக் இல்ல, பிரேக் இல்லன்னு குதிச்சீங்களே."

"நீயும்தான குதிச்ச."

"ஆமா, நானும்தான் குதிச்சேன். ரெண்டு பேரும் சேந்து குதிச்சோம். அவன் அங்க மச்சான் பேருக்கு நம்ம நாளை எண்ணிக்கினு இருந்திருக்கான். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. அந்தப் பேர்ல போயி டெஸ்ட்டைச் செஞ்சு குடுத்துட்டு வந்தீங்கன்னா, அந்தப் பேருக்கு ஏத்தாப்புல ஒரு பொண்டாட்டியையும் பாத்துக்கங்க. நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்."

அன்னைக்குச் சாயங்காலமே கமாலுதீன் பன்னீர்செல்வம் குவார்ட்டர்ஸுக்குப் போனான். அவர் வூட்டம்மா தமயந்தி, "வாங்க பாய்"னு சொல்லிக் காபி கொண்டாந்து வெச்சாங்க. அந்த வூட்டுக்கு அவன் புதுசு இல்ல. அவசரத்துக்கு ஜீப்புல வந்து ஏறுறது, எறங்குறது எல்லாம் அந்த வாசல்லதான். எல்லாத்தையும் சொன்னான். பன்னீர்செல்வம் காபியை ஆத்திக்கினே கேட்டாரு.

"அயோக்கியப் பயலா இருக்கானே"ன்னாரு. "நீ ஒண்ணும் கவலைப்படாத பாய். டெஸ்ட் போர்டுல நானும்தான உக்காந்திருக்கேன். நீ வந்து உன் பேரைச் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. திரும்பி வர்ற வழியெல்லாம் விசில் அடிச்சுக்கினு வந்தான்னு அப்புறம் அவனே சொல்லி வருத்தப்பட்டான்.

மறுநாளே டெஸ்ட்டு, ஒர்க்ஷாப் ஷெட்டுல. பெல்ட் துண்டு, சொல்யூஷன் டின்னு, கத்தி, சூட்டுத் தகடு எல்லாம் ஒழுங்கா எடுத்து வெச்சிருந்தாங்க. மூணு ஆபீசருங்க. நடுவுல உக்காந்தவர் வேற யூனிட்லேந்து வந்தவர், தலை நரைச்சவர். அவருக்கு வலது பக்கம் பன்னீர்செல்வம். வெளிய வேப்ப மரத்தடியில கருணாகரன் நின்னான். கூட, மடிப்புக் கலையாத சட்டையில தெய்வசிகாமணி. டெஸ்ட்டு முடிஞ்சதும் கையெழுத்துப் போட அசல் ஆளு வேணுமில்ல.

"தெய்வசிகாமணி"ன்னு கூப்புட்டாங்க. கமாலுதீன் பிஸ்மி சொல்லிட்டு உள்ள போனான்.

"நீங்கதானா?"ன்னாரு நரைச்சவர்.

"பேரு கமாலுதீனுங்க. தெய்வசிகாமணிங்கிற பேர்ல மூணு வருஷமா இங்க பெல்ட் ஒட்டிக்கினு இருக்கறவன் நாந்தாங்க. கான்ட்ராக்டர் அந்தப் பேர்ல என்னை உள்ள விட்டாரு. அந்தப் பேருக்காரரு வெளிய நிக்கிறாரு, மைக் செட் வெச்சிருக்காரு. வேணும்னா கூப்புட்டுக் கேளுங்க."

நரைச்சவர் கண்ணாடியைக் கழட்டினாரு. பன்னீர்செல்வம் பக்கம் திரும்பினாரு. "உங்க செக்ஷன்தானே? இவர் சொல்றது நெசமா? இவரைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேணும். ஆனா அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப தெய்வசிகாமணி வந்தான் வந்தான்னு மூணு வருஷமா கையெழுத்துப் போட்டது யாருன்னு வரும். போட்டது பன்னீர்செல்வம் கை. மூஞ்சி தெரிஞ்சே போட்ட கை. அதை அவர் முந்தின நாள் சாயங்காலம் யோசிக்கல. அங்க உக்காந்ததும் யோசிச்சாரு.

"பாத்த மாதிரி இருக்கு சார்"ன்னாரு. "கான்ட்ராக்ட் ஆளுங்க நெறைய பேரு வர்றாங்க, போறாங்க. நிச்சயமா சொல்ல முடியல."

கமாலுதீன் அவரையே பாத்தான். அவர் பெல்ட்டைப் பாத்தாரு.

"சார், மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க." அவன் குரல் ஒசரல, அதுதான் பயமா இருந்துச்சுன்னு உள்ள நின்ன ஒருத்தர் சொன்னாரு. "போன ஐப்பசி மழையில தார்பாய்க்கு அடியில உக்காந்து ஒரே டப்பாவுல சோறு தின்னோமே. அது உங்க வூட்டு டப்பா சார். அம்மா குடுத்து விட்டாங்க. உங்க பொண்ணுக்குப் பேர் வெக்கிற அன்னைக்குப் பாதி விசேஷத்துல ஓடியாந்து என்னை ஜீப்புல ஏத்துனீங்களே. அன்னைக்கு யாரை ஏத்துனீங்க? நாட்டுச் சொத்துன்னு முதுகுல தட்டுனீங்களே, யாரு முதுகு சார் அது?"

பன்னீர்செல்வம் அப்ப வாயைத் தொறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு மெமோ வந்திருக்கும். ஒரு இன்கிரிமென்ட் போயிருக்கும். அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. அதுக்காக ஒருத்தனோட மூணு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போட்டாரு.

நரைச்சவர் கெட்டவர் இல்ல. அவருக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. "அனுபவம் உங்க பேர்ல இல்லையேப்பா. நான் என்ன பண்ண முடியும்?"ன்னாரு.

"செஞ்சு காட்டறேன் சார். பெல்ட்டு இருக்கு, கத்தி இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க."

"மூணு வருஷ அனுபவம் இருந்தாத்தான் டெஸ்ட் எடுக்கலாம். விதி அப்படி."

அப்புறம் அசல் தெய்வசிகாமணியைக் கூப்புட்டாங்க. அவன் கத்தியை எடுத்தான், திருப்பித் திருப்பிப் பாத்தான், வெச்சுட்டான். சொல்யூஷன் டின்னைத் தொறந்து பெல்ட்டு மேல கடகடன்னு ஊத்துனான், தோசைக்கு எண்ணெய் விடுற மாதிரி. விரலு ரெண்டு ஒட்டிக்கிச்சு. "மைக் செட் வேலைன்னா நல்லா செய்வேங்க. எங்க அக்கா வூட்டுக்காரருதான் வரச் சொன்னாரு"ன்னு பாவமா சொன்னான். அவனைத் திட்டவும் மனசு வரல.

ஒரு வாரம் கழிச்சு நோட்டீஸ் போர்டுல முடிவு ஒட்டினாங்க. மருதமுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சான். தகுதியான ஆள் யாரும் கெடைக்கல. தேர்ந்த ஆளுங்களுக்குப் பஞ்சம் இருக்கறதால பெல்ட் ஒட்டற கான்ட்ராக்டை இன்னும் ஒரு வருஷத்துக்குக் கருணாகரனுக்கே நீட்டிச்சிருக்கு. சத்தியமா அப்படித்தான் போட்டிருந்துச்சு. ஆளுக்குப் பஞ்சமாம். பஞ்சம் சாமான் பையைத் தோள்ல மாட்டிக்கினு போர்டுக்கு முன்னாடிதான் நின்னுச்சு.

கருணாகரன் அன்னைக்கே கேட்டுல காட்டுற டோக்கனைப் புடுங்கிக்கினு கமாலுதீனை வெளிய தள்ளிட்டான். கமாலுதீன் வூட்டுல உக்காந்தான். சாப்பாடு எறங்கல. பேசறவன் பேசலைன்னா வூடு எப்படி இருக்கும்? ஒரு நா மத்தியானம் சைபுன்னிசா அடுப்படியிலேந்து எட்டிப் பாத்தப்ப, அவன் சுவத்தைப் பாத்துக்கினு அழுதுக்கினு இருந்தான். அவ கிட்டப் போகல. சுல்தானுக்குக் கடுதாசி எழுத உக்காந்தா.

வைகாசி பொறந்து கொஞ்ச நாள்ல, காலையில ஜீப்பு வாசல்ல வந்து நின்னுச்சு. பன்னீர்செல்வம் எறங்கினாரு. சட்டையெல்லாம் வேர்வை, கண்ணு செவந்து கெடந்துச்சு. அந்தக் கம்பி பெல்ட் அந்துடுச்சு. மருதமுத்தும் இன்னும் நாலு பேரும் ஒட்டிப் பாத்தாங்க, ஓட விட்டதும் மறுபடி பிரிஞ்சுக்கிச்சு. மிஷின் முந்தாநாள்லேந்து நிக்குது.

"பாய், நடந்தது நடந்து போச்சு. என் மேல கோவம் இருக்கும். இருக்கட்டும். ஆனா கரி இல்லாம கரண்ட் எடுக்குற ரெண்டு யூனிட்டை நிறுத்திட்டாங்க. ஊரு ஊரா இருட்டாயிடும். நாட்டுக்கே கஷ்டம் பாய்."

என்னதான் சொல்லுங்க, பெல்ட்டு நிக்குதுன்னு கேட்டதும் கமாலுதீனுக்கு ஒடம்பு இருப்புக் கொள்ளல. எந்திரிச்சுட்டான். கை தானா சாமான் பைக்குப் போச்சு. கம்பியை எப்படிச் சீவியிருப்பானுங்க, எங்க தப்பு பண்ணியிருப்பானுங்கன்னு மனசு அதுக்குள்ளயே அங்க போயிடுச்சு. சைபுன்னிசா கதவோரமா நின்னா, தடுக்கல. போவான்னு அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா போயிருப்பான்.

பன்னீர்செல்வத்துக்கு ஒரே சந்தோஷம். "கருணாகரன்கிட்ட நான் பேசிட்டேன். உள்ள விடறதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. எந்தப் பேர்ல வேணாலும் போட்டுக்கலாம் பாய்"ன்னாரு.

கமாலுதீன் பையைக் கீழ வெச்சான். போயி உக்காந்துக்கினான்.

"பாய்?"

சைபுன்னிசாதான் பதில் சொன்னா. முக்காட்டை இழுத்து விட்டுக்கினு, அந்த வூட்டு வாசல்ல அன்னிய ஆம்பளைகிட்ட மொத மொத வாயைத் தொறந்தா. "நாட்டுக்கு வேணும்னா, நாடு அன்னைக்கு அந்த ஷெட்டுல வாயைத் தொறந்திருக்கணும் சார். போயிட்டு வாங்க."

ஜீப்பு திரும்பிப் போச்சு.

ஆடி மாசம் மெட்ராஸ்ல டெஸ்ட்டு வெச்சாங்க. அம்பத்தூர் பக்கம் ஒரு தகர ஷெட்டு, சுல்தான் சொன்ன கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க. டெஸ்ட் எடுக்க வந்தவர் ஒரு மலையாளி, பம்பாய்லேந்து வந்திருந்தாரு, தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவாரு. சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டாரு. இல்லைங்கன்னான். சரி, செஞ்சு காட்டுன்னு கம்பி ஓடுற பெல்ட்டுத் துண்டு ரெண்டை முன்னாடி போட்டுட்டு ஒரு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

கமாலுதீன் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினான். சீவுனான், சுரண்டுனான், கம்பியை ஒண்ணு விட்டு ஒண்ணாப் பின்னி வெச்சான். சொல்யூஷன் தடவிட்டுப் புறங்கையை வெச்சுப் பாத்தான், இன்னும் கொஞ்சம் காயட்டும்னு உக்காந்தான். யாரும் அவசரப்படுத்தல. அந்த மலையாளி டீ வரவழைச்சுக் குடுத்துட்டு அவன் கையையே பாத்துக்கினு இருந்தாரு. தகட்டைப் பிரிச்சு, ஆறுன ஜாயிண்ட்டை மடக்கிப் பாத்தாரு, முறுக்கிப் பாத்தாரு, வெட்டி உள்ளயும் பாத்தாரு.

"எங்க படிச்சது?"

"நெய்வேலிங்க. வெளிநாட்டுலேந்து ஆளைக் கூட்டியாந்து சொல்லிக் குடுத்தாங்க."

"செலவு செய்து படிப்பிச்சிட்டு, இந்த மாதிரி ஆளை எப்படி விட்டாங்க?"

கமாலுதீன் ஆணியிலேந்து சட்டையை எடுத்து ஒதறிப் போட்டுக்கினான். பொத்தானைப் போட்டுக்கினே சொன்னான்.

"என்னை யாரும் விடலைங்க. நான் அங்க வேலையே பாக்கலையாம்."